இடது பெருவிரலில் அண்ணன்

அந்த மெஷினில் என் வலது பெருவிரலை வைத்தால் என் போட்டோ வரும். இடது பெருவிரலை வைத்தால் என் அண்ணன் போட்டோ வரும். இது எப்படி நடந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அப்புறம்தான் மற்றதைச் சொல்ல முடியும்.

எங்கள் ஊர் சங்கரன்கோவில். வீட்டில் அம்மா, அண்ணன், நான். அப்பா கேரளாவுக்கு வேலைக்குப் போனவர், அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டார். அம்மா கடைக்குப் பூக் கட்டிக் கொடுக்கிறாள். நான் எட்டாவதோடு நின்றேன். அண்ணன் பத்தாவது எழுதி கணக்கில் போய்விட்டது, மறுபடி எழுதவில்லை. நூலுக்குச் சாயம் போடுகிற பட்டறையில் இரண்டு வருஷம் இருந்தான். பிறகு விசைத்தறிக்குப் போனான். நாலு தறியை ஒற்றை ஆளாகப் பார்த்தான்.

ராஜபாளையம் ரோட்டில் ஒரு உரக்கடைக்கு மேலே மாடியில் திறன் பயிற்சி சென்டர் திறந்தார்கள். பணம் அரசாங்கத்துடையது, நடத்துகிறது ஒரு கம்பெனி. மூன்று மாதம் இலவசப் பயிற்சி, முடிந்தால் சர்டிபிகேட், அப்புறம் வேலை. பெண்களுக்குத் தையல். ஆண்களுக்கு பிளாஸ்டிக் மெஷின் ஆபரேட்டர்.

நாங்கள் இரண்டு பேரும் சேரப் போனோம். சென்டரைப் பார்த்துக்கொள்கிற சார் பாளையங்கோட்டைக்காரர். எப்போதும் சிரித்த முகம். அண்ணன் அவரிடம் கேட்டான்.

"சார், நம்ம ஊருல பிளாஸ்டிக் கம்பெனி ஒண்ணுமே இல்லையே. தறியும் பூவும்தான இருக்கு?"

"இங்கன என்ன இருக்குன்னு பாத்துப் பாடம் போடுறதில்ல தம்பி. ஆளு எங்க வேணுமோ அதுக்குப் போடுதாவ. சென்னைக்கு அந்தப் பக்கம் ஆளுக்குப் பறக்கான். பேசாம கையெழுத்துப் போடு."

அண்ணன் கையெழுத்துப் போட்டான். அடுத்து விரல் பதிய வேண்டும். வாசலில் சுவரில் ஒரு சின்ன மெஷின் மாட்டியிருந்தது. விரலை வைத்தால் ஒரு பெண் குரல் பேசும். சரியாக இருந்தால் "தேங்க் யூ" என்று சொல்லி நம் போட்டோவைக் காட்டும். சரியில்லை என்றால் "ப்ளீஸ் ட்ரை அகெய்ன்" என்று சொல்லும்.

அண்ணன் பத்து விரலையும் வைத்துப் பார்த்தான். பத்துக்கும் "ப்ளீஸ் ட்ரை அகெய்ன்"தான். சாயப்பட்டறையில் ப்ளீச்சிங் தண்ணீரில் ஊறி அவன் விரலில் ரேகையே இல்லாமல் போயிருந்தது. தொட்டால் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கும்.

"இந்தப் பிள்ளைக்கு என்னையப் பிடிக்கல சார். வேண்டாங்குது" என்றான். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

சாருக்குச் சிரிப்பு வரவில்லை. ஆண்கள் வகுப்புக்கு முப்பது பேர் பதிந்தால்தான் பேட்ச் ஆரம்பிக்க முடியும். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் முப்பதும் ஏற வேண்டும். அண்ணன் முப்பதாவது ஆள். சார் என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, உன் வலது கையி உனக்குப் பதிஞ்சாச்சில்ல? இடது கைய அவனுக்கு வையி. தெனம் ரெண்டு பேரும் ஒண்ணாத்தான வரப் போறிய."

அண்ணன் மெஷினுக்கு நேரே முகத்தை வைத்து நின்றான். நான் அவன் கைக்குக் கீழே குனிந்து என் இடது பெருவிரலை வைத்தேன். என் முழங்கை அவன் விலாவில் இடித்தது. அவனுக்கு அங்கே கூச்சம். சிரிப்பை அடக்க வாயை இறுக்கினான், அப்படியே போட்டோ விழுந்துவிட்டது. கன்னம் இரண்டும் உப்பி, கண் சுருங்கி, இதோ சிரித்துவிடப் போகிறவன் மாதிரி. வேறு எந்தப் போட்டோவிலும் அவன் அப்படி இல்லை.

மூன்று மாதமும் காலையில் இரண்டு தடவை "தேங்க் யூ", சாயங்காலம் இரண்டு தடவை "தேங்க் யூ". அதை யாரும் தப்பாக நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை.

எங்கள் தையல் வகுப்பில் முதல் மாதம் முழுக்க நூல் இல்லாமல் காகிதத்தில்தான் தைத்தோம். கோடு போட்ட காகிதத்தில் ஊசி ஓட்டை ஓட்டையாகக் குத்திக்கொண்டு போகும். கை நேராக வரணும் என்று டீச்சர் சொல்வாள். ஆண்கள் வகுப்பு பக்கத்து அறை, நடுவில் ஒரு பலகைத் தடுப்பு மட்டும். அவர்களுக்கு ஒரு மெஷின் வந்து இறங்கியிருந்தது. அதை ஓட்டுகிற அளவு கரண்ட் அந்தக் கட்டடத்துக்குக் கிடையாது. கேட்டு எழுதிப் போட்டிருக்கிறோம் என்றார் சார். மூன்று மாதமும் அது துணி போர்த்தித்தான் நின்றது. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு காய்ந்து அதிலேயே இருந்தது. சுவரில் மாட்டிய படத்தைக் காட்டித்தான் பாடம் நடந்தது. பாடம் நடத்தினவர் டிப்ளமோ படித்த ஒரு பையன். அவரைக் குறை சொல்ல மாட்டேன். இருக்கிறதை வைத்து நன்றாகச் சொல்லிக் கொடுத்தார்.

அண்ணன் தறியில் எப்படி வேலை பார்ப்பான் என்று இங்கே சொல்ல வேண்டும்.

அவனுக்குச் சோறு கொண்டு போகும்போது பார்த்திருக்கிறேன். தறிக்கூடத்துக்குள் நுழைந்தால் காதுக்குள் கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்பக்கம் எங்காவது ஒரு இழை அறும். அண்ணன் தறியை நிறுத்த மாட்டான். பின்னால் போய், குனிந்து, ஓடுகிற பாவு நூலுக்குள் இரண்டு விரலை விட்டு அறுந்த இழையைப் பிடித்து இழுத்து முடிச்சுப் போட்டுவிடுவான். கண் மூடித் திறக்கிறதற்குள் கை வெளியே வந்துவிடும்.

"நிறுத்திட்டுப் போட்டா என்ன?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நிறுத்துனா நின்ன எடம் சேலையில கோடா விழும்ட்டி. ஓட்டத்துலயே போடுதவன்தான் வேலைக்காரன். நிறுத்திப் போடுறதுக்கு நீ போதுமே."

இங்கே நல்ல தறிக்காரன் என்றால் அதுதான். அண்ணன் நல்ல தறிக்காரன்.

மூன்றாவது மாதம், முன்பு அவனோடு தறியில் நின்ற ஒருவனுடைய பெண்டாட்டியைப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். இரண்டு நாள் தறியைப் பார்க்க ஆள் வேண்டும். அண்ணன் போகிறேன் என்று சொல்லிவிட்டான்.

"ரெண்டு நாளைக்கு இடது கைய மட்டும் வச்சிரு. அந்த ரெண்டு நாளும் சேஃப்டி கிளாஸ்தானாம். மெஷின் கிளாஸ் ஒண்ணும் இல்ல."

"வாரப்போ பால்பன் வாங்கிட்டு வரணும்" என்றேன்.

"விரலுக்கு ஒரு பால்பனா? சரிதான்."

இரண்டு நாளும் நான் வைத்தேன். காலையில் வைத்தேன், சாயங்காலம் வைத்தேன். இரண்டு நாளும் அவன் தறிக்கூடத்தில் ஓட்டத்திலேயே முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான்.

வகுப்பு நடக்கவில்லை என்று சொன்னால் எனக்குச் சுலபமாக இருக்கும். நடந்தது. பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் காகிதத்தில் ஊசி ஓட்டிக்கொண்டே கேட்டேன். அந்த டிப்ளமோ பையன் தொண்டை கட்டுகிற வரைக்கும் கத்தினார். "மெஷினுக்குள்ள என்ன மாட்டுனாலும் சரி, கதவத் தொறந்தா மட்டும் போதாது. மெயின் ஸ்விட்ச்ச அமத்து. சாவிய எடுத்து உன் பையில போடு. அதுக்கப்புறம்தான் கை உள்ள போகணும். சூப்பர்வைசர் ஏசுனா ஏசட்டும். ஏச்சு வாங்குன கை வீட்டுக்கு வரும்." முப்பது பேரையும் அதைத் திருப்பிச் சொல்ல வைத்தார். இருபத்தொன்பது பேர் சொன்னார்கள். எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

இரண்டாம் நாள் சாயங்காலம் அண்ணன் மிட்டாய்க் கடையில் பால்பன் வாங்கிக்கொண்டு வந்தான். கேட்டான்.

"என்னட்டி சொன்னாரு?"

"என்னமோ, கைய உள்ள விடாதிய, கைய உள்ள விடாதியன்னு நாளு பூரா அதேதான்."

"கைய உள்ள விடாம எப்படிட்டி வேல பாக்க?" என்று சிரித்தான்.

நானும் சிரித்தேன். வாய் நிறைய பால்பன். மெயின் ஸ்விட்ச், சாவி எல்லாம் எனக்குத் தெரியும். சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று இல்லை, சொல்லுகிற அளவுக்கு அது ஒரு விஷயமாகவே தெரியவில்லை.

சர்டிபிகேட் வந்தது. எல்லாருக்கும் ஏ கிரேடு. அண்ணனும் இன்னும் சில பேரும் சென்னைக்கு அந்தப் பக்கம் ஒரு கம்பெனிக்குப் போனார்கள். வண்டிக்கு வேண்டிய பிளாஸ்டிக் சாமான் செய்கிற இடம். அவர்களில் வாசுதேவநல்லூர்ப் பையன் ஒருவன் அவனோடு ஒரே ரூமில் தங்கினான்.

எனக்குத் திருப்பூரில் வேலை சொன்னார்கள். அம்மா விடவில்லை. அதனால் சார் என்னை சென்டரிலேயே வைத்துக்கொண்டார். ஊர் ஊராகப் போய் அடுத்த பேட்சுக்கு ஆள் சேர்க்கிற வேலை. குருவிகுளம் பக்கம், புளியங்குடி பக்கம் எல்லாம் நோட்டீஸ் எடுத்துக்கொண்டு போவேன். ஆட்கள் முதலில் நம்ப மாட்டார்கள். "ஒங்க வீட்டுல யாரும் போயிருக்காவளா?" என்று கேட்பார்கள். "எங்க அண்ணன் போயிருக்கான். இப்ப சென்னையில வேல பாக்கான்" என்பேன். அதைக் கேட்டதும் ஆதார் கார்டைத் தேட உள்ளே போவார்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் சார் எனக்கு வேலை கொடுத்தாரோ என்று இப்போது தோன்றுகிறது.

அண்ணன் போனில் பேசுவான். "சத்தமே இல்லட்டி. தறிக்கு முன்னால இது பூனக்குட்டி."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரு சொல்லிக் குடுக்கணும்? அதான் சர்டிபிகேட் இருக்குல்ல. வந்த ரெண்டாம் நாளே தனியா நிக்க விட்டுட்டாவ."

பெருமையாகத்தான் சொன்னான். நானும் அம்மாவிடம் பெருமையாகத்தான் சொன்னேன்.

ஒருநாள் மத்தியானம், நான் ஆள் சேர்க்கப் போய்விட்டு பஸ்ஸுக்கு நிற்கும்போது, வாசுதேவநல்லூர்ப் பையன் கூப்பிட்டான். அழுதுகொண்டே பேசினான். முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. மெஷினுக்குள் ஒரு சாமான் மாட்டிக்கொண்டிருக்கிறது. அண்ணன் நிறுத்தவில்லை. குனிந்து எடுக்கப் போயிருக்கிறான். தறி என்றால் அவன் கை வெளியே வந்திருக்கும். இது தறி இல்லை. இரண்டு இரும்புப் பாளம் சேர்ந்து மூடுகிற மெஷின். அவன் தலையும் தோளும் உள்ளே இருந்திருக்கிறது.

அதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து நான் சென்டருக்குத் திரும்பிப் போனேன். வீட்டில் இருக்க முடியவில்லை. வாசலில் மெஷினில் வலது விரலை வைத்தேன், என் போட்டோ வந்தது. மூன்று மாதப் பழக்கம், நினைக்காமலே இடது கையும் போய்விட்டது.

"தேங்க் யூ."

அண்ணன் வந்தான். கன்னம் உப்பி, சிரிப்பை அடக்கிக்கொண்டு. பழைய பேட்ச் ஆட்களை மெஷினிலிருந்து யாரும் எடுத்துவிடுவதில்லை. பக்கத்தில் பச்சை நிறத்தில் டிக். இரண்டு விநாடி இருந்தான். போய்விட்டான்.

வீட்டில் மாலை போட்டு வைத்திருந்த போட்டோ ஆதார் கார்டிலிருந்து பெரிசாக்கினது. அதில் அவன் யாரோ மாதிரி இருப்பான். அவன் இங்கேதான் இருந்தான். அன்றிலிருந்து, காலையில் எல்லாரும் உள்ளே போன பிறகு, தினமும் ஒரு தடவை இடது விரலை வைப்பேன். ஒரு தடவைதான். இரண்டாம் தடவை வைக்க ஆசையாக இருக்கும், வைக்க மாட்டேன். இதை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

ஊர்களுக்கும் போனேன். புளியங்குடியில் எலுமிச்சம்பழம் தரம் பிரிக்கிற ஒரு அம்மா, மகனைச் சேர்க்கலாமா என்று யோசித்தாள். "ஒங்க வீட்டுல யாரும் போயிருக்காவளா தாயி?" என்று கேட்டாள். "எங்க அண்ணன் போயிருக்கான்" என்றேன். அவள் கையெழுத்துப் போட்டாள். அன்றைக்குப் பஸ்ஸில் என் கையை நானே கடித்துக்கொண்டு வந்தேன்.

பிறகு அண்ணன் வேலை பார்த்த கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. அம்மா பூக் கட்டிக்கொண்டிருந்தாள். படி என்றாள். பாதி விளங்கியும் விளங்காமலும் படித்தேன். உரிய பாதுகாப்புப் பயிற்சி பெற்றிருந்தும், தன்னுடைய கவனக்குறைவால், விதியை மீறி இயந்திரத்துக்குள் கை விட்டதால் இறந்தார் என்று இருந்தது. பயிற்சிக்கு வந்ததற்கான பதிவு இணைக்கப்பட்டிருக்கிறது என்றும் இருந்தது. இணைத்திருந்த தாளில் அந்த இரண்டு நாளும் இருந்தது. உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம். நான் விரல் வைத்த நேரம்.

"கவனக்குறைவுன்னா?" என்றாள் அம்மா.

"கவனமா இல்லன்னு."

"எம்புள்ளையா?" அம்மா கை நிற்கவில்லை, கட்டிக்கொண்டே போனது. "நாலு தறி பாத்தவன். ஒரு நாளு ஒரு நகம் பேந்து வந்திருக்கானா? அவனா கவனமில்லாதவன்? தெரிஞ்சும் போய்க் கைய விட்டான்னா எழுதிருக்காவ? செத்தவன் வந்து பதில் சொல்ல மாட்டாம்னுதான எழுதுதாவ. யாருட்டி இத இல்லன்னு சொல்லுதது?"

நான் அப்போது சொல்லிவிட்டேன். இடது விரல், முப்பதாவது ஆள், இரண்டு நாள், பால்பன், எல்லாம். அம்மா தலையைத் தூக்கவே இல்லை. முழம் முடிகிற வரைக்கும் கட்டினாள். நாரைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"அப்ப அவனுக்குத் தெரியாதா? கைய விடக் கூடாதுன்னு?"

"தெரியாதும்மா."

"ஒனக்குத் தெரியும்."

"தெரியும்."

அம்மா பூவைத் தண்ணீர் தெளித்து மூடி வைத்தாள். பிறகு எழுந்து போய் எனக்குச் சோறு போட்டாள். அடித்திருக்கலாம்.

அந்த வாரமே சார் என்னைக் கூப்பிட்டார். ஜில்லா ஆபீஸிலிருந்து ஒரு மேடம் வருகிறார், கம்பெனி ஆளும் வருகிறார், பயிற்சி உண்மையாக நடந்ததா என்று பார்க்கப் போகிறார்கள் என்றார்.

"தங்கச்சி, ஒண்ணும் கேக்க மாட்டாவ. கேட்டா, அண்ணன் தெனமும் வந்தான்னு சொல்லு. அது போதும்."

"ரெண்டு நாளு வரலையே சார்."

"நீ வரலன்னு சொன்னா விரலு யாருதுன்னு வரும். ஒன் வேலையும் என் வேலையும் மட்டும் போகாது. முப்பது பேரு சர்டிபிகேட்டும் போகும். வாசுதேவநல்லூருப் பையன் வேல போகும். ஏற்கெனவே ஒருத்தன் போயிட்டான். மத்தவன் வயித்துலயும் அடிக்கணுமா?"

அவர் சொன்னது பொய் இல்லை.  அவருக்கும் மேலே ஒருவன் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று நம்பர் கேட்டுக்கொண்டே இருந்தான். சரி சார் என்றேன். நான் சரி என்றுதான் சொன்னேன். அதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

மேடம் வந்தார். நடுத்தர வயது, காட்டன் சேலை. கம்பெனி ஆள் பேண்ட், ஷூ. போர்த்தியிருந்த மெஷினைத் துணி எடுத்துத் துடைத்து வைத்திருந்தார் சார். மேடம் அதைச் சுற்றி வந்து, கரண்ட் வயர் எங்கே போகிறது என்று கண்ணாலேயே தேடினார்.  உட்கார்ந்தார். சார் வருகைப் பதிவைக் கொடுத்தார். கனமாக இருக்கட்டும் என்று முதல் நாளிலிருந்து அன்றைக்கு வரைக்கும் அப்படியே பிரிண்ட் எடுத்திருந்தார். நான் டீ கொண்டு வந்து வைத்தேன்.

கம்பெனி ஆள் சொன்னார், "மேடம், அந்த ரெண்டு நாளும் க்ளியரா இருக்கு பாருங்க. இன் டைம், அவுட் டைம். அவருக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சே பண்ணிட்டாரு. எங்களுக்கும் வருத்தம்தான்."

மேடம் பக்கத்தைத் திருப்பிக்கொண்டே போனார். கடைசிப் பக்கத்தில் நின்றார். விரலை வைத்து ஒரு வரியைப் படித்தார். அடுத்த வரி. அதற்கடுத்த வரி.

"இந்தப் பையன் எப்ப இறந்தான்?"

கம்பெனி ஆள் தேதியைச் சொன்னார்.

"அதுக்குப் பிறகு தினமும் காலையில இங்க வந்திருக்கானே."

 அது எழுதப்படும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. போட்டோ வரும், போகும், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். சார் தாளை வாங்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது.

"மெஷின் கோளாறு மேடம். பழைய பேரு சில சமயம் தானா விழும்."

"இந்த மாசம் கோளாறு. அந்த ரெண்டு நாள் மட்டும் சரியா?"

 கீழே உரக்கடையில் யாரோ மூட்டையைத் தொப்பென்று போட்டார்கள். கம்பெனி ஆள் டீயைக் கையில் எடுத்தவர் குடிக்காமல் வைத்திருந்தார். மேடம் என்னைக் கேட்கவே இல்லை. நான் யார் என்றே அவருக்குத் தெரியாது. டீ கொண்டு வந்த பிள்ளை, அவ்வளவுதான். நான் தட்டை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம்.

தெரிஞ்சே பண்ணிட்டாரு என்று அந்த ஆள் சொன்னதுதான் உள்ளே கிடந்து அறுத்தது. அவனுக்குத் தெரியாது. தெரிந்தது எனக்கு.

நான் வாசலுக்குப் போனேன். "தங்கச்சி" என்றார் சார், சத்தம் வராமல். இடது பெருவிரலைப் பாவாடையில் துடைத்துவிட்டு வைத்தேன்.

"தேங்க் யூ."

அண்ணன் வந்தான். மேடம் எழுந்து வந்து என் பின்னால் நின்றார். அவன் முகத்தை அவரும் பார்த்தார். இரண்டு விநாடி.

"யாரும்மா நீ?"

"அவன் தங்கச்சி. அந்த ரெண்டு நாளும் நாந்தான் வச்சேன். அவன் வரல. அவன் தறிக்குப் போயிருந்தான். கைய விடக் கூடாதுன்னு அவனுக்கு யாரும் சொல்லல. எனக்குத் தெரியும், நானும் சொல்லல."

"அவன் செத்த பிறகு ஏன் வச்சே?"

"பாக்கத்தான்."

மேடம் உள்ளே போய் எழுத ஆரம்பித்தார். நான் சொன்னதையெல்லாம் எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினார். ஒரே ஒரு கேள்வியைக் கம்பெனி ஆளிடம் கேட்டார். "சர்டிபிகேட்டப் பாத்துட்டு ரெண்டாம் நாளே தனியா நிறுத்தினீங்களே, மெஷின் ஓட்டத் தெரியுதான்னு ஒரு தடவையாவது பாத்தீங்களா?" அவர், "கவர்மெண்ட் சர்டிபிகேட் மேடம்" என்றார்.

போகும்போது மேடம் ஆள் விட்டு அந்த மெஷினைச் சுவரிலிருந்து கழற்றச் சொன்னார். வெள்ளைத் துணியில் சுற்றி, அரக்கு வைத்து, ஜீப்பில் எடுத்துக்கொண்டு போனார்கள். சுவரில் நாலு ஆணி ஓட்டையும் ஒரு வயரும் மட்டும் நின்றது.

இதனால் என்ன ஆனது என்று கேட்பீர்கள். சென்டரை மூடிவிட்டார்கள். சார் எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. முப்பது பேர் சர்டிபிகேட்டும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கம்பெனியிலிருந்து இன்னொரு கடிதம் வந்தது. இப்போது வேறு மாதிரி. பயிற்சிக்கே வராமல் பொய்ச் சான்றிதழ் கொடுத்து எங்களை ஏமாற்றி வேலைக்குச் சேர்ந்தவர், ஆகவே நாங்கள் பொறுப்பில்லை என்று. முதலில் தெரிந்தும் செய்தவன். இப்போது ஏமாற்றினவன். மேடத்துக்குப் போன் செய்தேன். "நான் பார்த்ததை எழுதிட்டேன்மா. பயிற்சி குடுத்தவனும் பாக்கல, வேலை குடுத்தவனும் பாக்கலன்னு எழுதியிருக்கேன். எது நிக்கும்னு என்னால சொல்ல முடியாது" என்றார். அது இன்னும் நடக்கிறது.

வாசுதேவநல்லூர்ப் பையனை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். வீடு தேடி வந்து வாசலில் நின்று சத்தம் போட்டான்.

"நீ உண்மையச் சொல்லி என்னட்டி கிழிச்ச? அவன் எந்திரிச்சு வந்துட்டானா? எங்க அம்மைக்கு நா என்ன பதில் சொல்ல? அவன நா தூக்கிட்டுப் போனேன். இந்தக் கையால தூக்கிட்டுப் போனேன்."

பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதான். அம்மா தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டுப் போனான். இப்போது அவன் எலுமிச்சை மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறான் என்று கேள்வி.

நான் ஒரு தறிக்கூடத்தில் நூல் சுற்றுகிறேன். அண்ணன் நின்ற கூடம் இல்லை, வேறு. ஊர் ஊராகப் போய்ச் சேர்த்துவிட்ட ஆட்களை பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் மறைந்துகொள்கிறேன். புளியங்குடி அம்மாவின் மகன் என்ன ஆனான் என்று தெரியவில்லை. கேட்கத் தைரியம் இல்லை.

சொன்னது சரியா தப்பா என்று அம்மா ஒரு நாளும் பேசவில்லை. அந்த மெஷினைப் பற்றியும் ஒன்றும் கேட்கவில்லை. போன வாரம்தான், மல்லிகை மொட்டைக் கொட்டி வைத்துப் பிரித்துக்கொண்டிருக்கும்போது, குனிந்த தலை நிமிராமல் கேட்டாள்.

"நீ வெரல வச்சா அவன் மூஞ்சி வந்துச்சா?"

"வந்துச்சும்மா."

"எப்படி இருந்தான்?"

"சிரிக்கப் போற மாதிரி."

அம்மா கொஞ்ச நேரம் மொட்டுகளை இரண்டு இரண்டாக எடுத்து வைத்தாள்.

"அத்தன நாளும் நீ மட்டும் பாத்தியா? ஒரு நாளு என்னையும் கூட்டிட்டுப் போயிருக்கலாம்லட்டி."

நான் அவளோடு உட்கார்ந்து மொட்டுப் பிரித்துக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய என்று எனக்குத் தெரியவில்லை.